கோவில் வேலை போக 11 லட்சம் மிச்சம் இருக்கிறது: வளைவு கட்டுவதா, ஊருணியைத் தூர்வாருவதா?

ஊருணிக்கரை எழுதியது:

வணக்கம். காரைக்குடியில் இருந்து 18 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர், பெயர் இங்கே வேண்டாம். வாக்கப்பட்டு வந்து 22 வருஷம் ஆகிறது, வந்த நாளில் இருந்து இங்கேயேதான் இருக்கிறேன். போன தையில் கோவில் குடமுழுக்கு நல்லபடியாக முடிந்தது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் மனசாரக் கொடுத்ததில் எல்லாச் செலவும் போக 11 லட்சம் ரூபாய் கையில் நிற்கிறது. அதை வைத்து ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்டலாம், நடுவில் கஜலட்சுமி வைக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு ஓடுகிறது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் ஊருணியை அந்தக் காலத்தில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலு பக்கமும் செம்புறாங்கல் சுவர், இறங்கப் படி, நடுவில் கிணறு. நான் வந்த புதிதில் விடியற்காலை 5 மணிக்கே தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று இரண்டு குடம் எடுத்து வந்துவிடுவோம். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால் பூவாக வெந்துவிடும். இன்றைக்கு அதே ஊருணிக்குள் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம் நிற்கிறது. கூட்டுக் குடிநீர்க் குழாயில் ஒன்று விட்டு ஒரு நாள் தண்ணீர், சில வாரம் அதுவும் இல்லை. போர் தண்ணீர் உப்பு. வேறு வழியில்லாமல் வாரம் 3 கேன் வாங்குகிறோம், கேன் 35 ரூபாய். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், வருஷத்துக்கு 5,460 ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது சின்னக் காசு இல்லை.

ஊரில் வருஷம் முழுக்க இருக்கிறவர்களுக்கு எது நல்லது என்று உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

சிங்கைவாசி எழுதியது:

தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளாமல் கேளுங்கள். எங்கள் ஊருக்கும் இப்படி ஒரு வளைவு கட்டக் கொடுத்தவன் நான். என் பிள்ளைகள் 3 வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருகிறார்கள். தாத்தா பெயர் கல்லில் இருக்கிறதைப் பார்க்கும்போது அவர்களுக்கு இது நம்ம ஊர் என்று ஒரு பிடிப்பு வருகிறது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். 7 வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு என்று நாங்கள் 14 பேர் சேர்ந்து பணம் அனுப்பினோம். இரண்டு பக்கச் சுவர் எழும்பியது, மூன்றாவது பக்கம் இன்றுவரை வரவில்லை, கணக்கும் வரவில்லை. கேட்டால் வருத்தப்படுகிறார்கள். வளைவு என்றால் கண்ணுக்குத் தெரியும், கட்டினார்களா இல்லையா என்று ஒரு போட்டோ போதும். ஊருணி வேலை மண்ணை அள்ளுகிற வேலை. எத்தனை அடி அள்ளினார்கள் என்று இங்கிருந்து நான் எப்படிப் பார்ப்பது? கொடுக்க மனசில்லாமல் இல்லை, நம்பிக்கைதான் போய்விட்டது.

கண்மாய்ப்பாசனம் எழுதியது:

அண்ணே, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு வழி இருக்கிறது. நான் தேவகோட்டைப் பக்கம் விவசாயம் பார்க்கிறேன், எங்கள் ஊர் ஊருணியைத் தூர்வாரும்போது கூடவே நின்றவன்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கிணற்றுச் சுவரில் பெயிண்டால் அடிக்கணக்குக் கோடு போட்டுவிடுங்கள், தரை இருக்கிற இடத்தில் சிவப்பு. நாலு மூலையிலும் நின்று படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். வண்டல் ஏற்றிப் போகிற ஒவ்வொரு டிராக்டர் நடையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், யார் வயலுக்குப் போனது என்று பெயரோடு. அந்த வண்டலுக்கு விவசாயிகளே வண்டி வாடகை போட்டுக்கொள்வார்கள், எங்கள் ஊரில் அதிலேயே பாதிச் செலவு மிச்சமானது. வண்டல் எடுக்க முன்பெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வரை போகணும், 2024-ல் இருந்து தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் ஊருணிக்கரை அக்கா, ஒன்றை நல்லா மனசில் வையுங்கள். ஊருணி கெட்டுப்போனது ஊருணிக்குள் இல்லை. தண்ணீர் வந்து சேருகிற வாய்க்கால் இருக்கிறதே, அந்த வரத்துக்காலில் போய்ப் பாருங்கள். நம்ம சீமையில் வற்றாத ஆறு கிடையாது, ஐப்பசி கார்த்திகை மழைதான் மூலதனம். சரளைப் பொட்டலில் விழுகிற மழை சரிவில் ஓடி வரத்துக்காலில் சேர்ந்து, வடிதொட்டியில் மண்ணைத் தங்கவிட்டுவிட்டு, தெளிந்த தண்ணீராக ஊருணிக்குள் இறங்கும். ஒரு ஊருணி நிரம்பினால் அடுத்ததுக்குப் போக வழி வைத்திருப்பார்கள், கடைசியில் கண்மாய். அந்தப் பொட்டலை இப்போது பிளாட் போட்டு விற்றாகிவிட்டது, ரோட்டை மேலே மேலே உயர்த்திப் போட்டதில் வரத்துக்கால் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதை விட்டுவிட்டு 11 லட்சத்துக்கும் குழி தோண்டினாலும் குழிதான் மிஞ்சும்.

எங்கள் ஊரில் நடந்த தப்பையும் சொல்கிறேன். ஜேசிபிக்காரன் மணிக்கணக்கு வாடகை, வந்தது வந்தான் இன்னும் இரண்டடி போகட்டும் என்று யாரோ சொல்ல, அடியில் இருந்த களிமண்ணைத் தாண்டித் தோண்டிவிட்டான். அந்தக் களி ஒரு அடி, ஒன்றரை அடிதான் இருக்கும், பாத்திரத்துக்கு அடி மாதிரி. அது ஓட்டையானதும் மழைத் தண்ணீர் 20 நாளில் மணலுக்குள் இறங்கிப்போச்சு. அப்புறம் கண்மாயில் இருந்து களி கொண்டுவந்து கொட்டி, ஆட்டுமந்தையை விட்டு மிதிக்கவைத்துத்தான் சரிசெய்தோம். அதனால் வயசானவர்கள் இரண்டு பேரைக் கூடவே நிறுத்துங்கள். கையில் எடுத்து உருட்டிப் பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும், வண்டல் உதிரும், களி திரிபோல நீளும்.

பழைய எழுத்தர் எழுதியது:

ஊராட்சியில் 31 வருடம் எழுத்தராகவும் பிறகு செயலராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். முறையாகச் செய்தால் உங்கள் 11 லட்சம் பெருகும், அதைத்தான் சொல்ல வந்தேன்.

நமக்கு நாமே திட்டம் என்று ஒன்று உண்டு. பொதுவேலை ஒன்றுக்கு ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு பணம் கட்டினால் மீதியை அரசு போடும். 15 லட்சத்துக்கு மதிப்பீடு வந்தால் நீங்கள் 5 லட்சம் கட்ட வேண்டியிருக்கும், மிச்சம் 6 லட்சம் கையில் இருக்கும். அரசுப் பணம் வந்தால் அளவுப் புத்தகம், பொறியாளர் கையெழுத்து, தணிக்கை எல்லாம் கூடவே வரும், சிங்கைத் தம்பி கேட்ட கணக்கு அதில் கிடைக்கும்.

முதலில் ஊருணி, வரத்துக்கால் இரண்டின் சர்வே எண்ணையும் கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள அ பதிவேடும், நிலத்தை அளந்து வரைந்த புலப்படமும் இருக்கும். அதில் நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் அதன் மேல் யார் வேலி போட்டிருந்தாலும் அளந்து எடுக்கலாம். ஊருணி தனியார் அறக்கட்டளை பெயரில் இருந்தால் வழி வேறு. நம் பகுதியில் அப்படியும் நிறைய உண்டு, அது தெரியாமல் ஆரம்பித்துப் பாதியில் வழக்கில் நின்ற வேலைகளைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு 6 நாள். மார்ச் 22 தண்ணீர் தினம், இதற்குப் பொருத்தமான நாள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் கூட்டம் செல்ல 100 பேர் வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போகிற வழக்கம் எங்கும் இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்காமல் தீர்மானத்தை முழுதாக எழுதி, வாசிக்கச் சொல்லி, நகல் கேட்டு வாங்குங்கள். 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 சனவரியோடு முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனதில் இருந்து, யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் மக்கள் நிற்கிறார்கள். அந்த மாதிரி நேரத்தில் கிராம சபைத் தீர்மானம் ஒன்றுதான் ஊரின் வாய்.

சிங்கைத் தம்பிக்கு இன்னொரு வார்த்தை. பெயர் நிற்க வேண்டும் என்று நினைப்பது தப்பே இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1948-ல் காரைக்குடிக்கு வந்தது. பின்னாளில் குன்றக்குடி அடிகளார் தம் ஊருக்குக் கிராமத் திட்டம் போட்டபோது அந்த நிலையத்து விஞ்ஞானிகளைத்தான் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் கொடுத்தது இன்னொருவர் கையில் போய் ஊருக்கு வேலையாக மாறியது. அந்தப் பெயர் வளைவில்லாமலே நிற்கிறது.

கடைசித்தெரு எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எல்லாரும் ஊருணியைப் பற்றி உருகுகிறீர்கள். எங்கள் அப்பத்தா அந்த மாதிரி ஒரு ஊருணியின் படியில் கால் வைத்ததே இல்லை. குடத்தைக் கரையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும், யாராவது இரக்கப்பட்டு மொண்டு ஊற்றினால் உண்டு. சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு ஊருணி என்றால் அந்த ஞாபகம்தான் முதலில் வரும்.

இப்போது யாரும் தடுப்பதில்லை, ஆனால் குழாய் வரிசையில் நாங்கள் கடைசி. மேட்டுத்தெரு வீடுகளில் மோட்டார் போட்டு இழுத்த பிறகு எங்கள் தெருக்குழாயில் நூல் மாதிரி வரும், ஒரு குடம் நிறைய 25 நிமிஷம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றுதானே ஜல் ஜீவன் திட்டத்தில் சொன்னார்கள்? எங்கள் வீட்டில் 5 பேர், எல்லாருக்கும் சேர்த்தே அந்த 55 லிட்டர் வருகிற நாள் குறைவு.

அதனால் ஊருணிக்கரை அக்காவிடம் கேட்கிறேன். தீர்மானத்தில் எல்லாத் தெருவுக்கும் பொது என்று எழுத்தில் போடுங்கள். அதைப் பார்த்துக்கொள்கிற குழுவில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் இருக்கட்டும். அப்படி எழுதினால் எங்கள் தெருவே மண்வெட்டியோடு வரும்.

ஊருணிக்கரை எழுதியது:

தம்பியா தங்கச்சியா தெரியவில்லை, எழுதியதற்கு நன்றி. வருஷக்கணக்கில் அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறேன், யார் அங்கே வரவில்லை என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. எங்கள் ஊரிலும் இப்படித்தான் இருந்திருக்கும். மாமியாரிடம் கேட்டேன், ஆமாம் என்றார். அதற்கு மேல் அவருக்கும் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை. நீங்கள் சொன்ன இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

கிராமச் செவிலி எழுதியது:

துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன், 4 ஊர் என் பொறுப்பில். ஊருணி வேண்டும்தான், ஆனால் அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றி வேலி போட்டு, குளிக்கிறது துவைக்கிறது மாடு இறங்குகிறது எல்லாம் நிறுத்தி, தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்து ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து, அப்புறமும் காய்ச்சிக் குடிக்க வேண்டும். போன வருஷம் ஒரு ஊரில் தேங்கின தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரே தெருவில் 9 பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. உப்பு சர்க்கரைக் கரைசலோடு ராத்திரி முழுக்க வீடு வீடாக ஓடினேன்.

அந்த மிச்சம் 6 லட்சத்தைப் பற்றி எனக்கு ஒரு ஆசை. வீட்டுக்கு வீடு போகிற வேலை என்பதால் உங்கள் பெரிய வீடுகளின் உள்ளே இருப்பதும் எனக்குத் தெரியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீட்டில் 78 வயது ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் மூன்று நாட்டில். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த 2021-ல் இருந்து சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. ஒரு நாள் அளவு பார்த்தால் சர்க்கரை 340. மாத்திரை எங்கே ஆச்சி என்றால் ஒரு கொட்டானை, அந்த ஓலைக்கூடையை, எடுத்து நீட்டுகிறார், நாலு மாத மாத்திரை, நாள்காட்டித் தாளில் மாதவாரியாக மடித்து, பிரிக்காமல் அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார். "சாப்பிட்டியான்னு கேக்க ஆள் இருந்தா சாப்பிடுவேன்டி" என்றார்.

ஊரில் பூட்டிக்கிடக்கிற வீடுகளில் ஒன்றின் முகப்பையாவது திறந்துவிடுங்கள். பகலில் பெரியவர்கள் வந்து உட்கார, ஒரு வேளை சாப்பாட்டை எல்லாரும் சேர்ந்து சாப்பிட, நான் மாதம் இரண்டு முறை அங்கே வந்து எல்லாருக்கும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டுப் போக. சமைக்க ஊரிலேயே நாலு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். பங்காளிகள் 30 பேர் சம்மதிக்கணும் என்று சொல்வார்கள், தெரியும். சிங்கைவாசி மாதிரி ஒருவர் போன் போட்டுப் பேசினால் சம்மதிப்பார்கள்.

முதல்பஸ் எழுதியது:

நான் காலேஜ் இரண்டாம் வருஷம். எங்கள் ஊருக்கு முதல் பஸ் 9:20, காரைக்குடி போய்ச் சேர 10:15, முதல் மணிநேரம் எனக்கு எப்போதும் ஆப்சென்ட். கடைசி பஸ் 6:40. லேப் இருக்கிற நாளில் அதைப் பிடிக்க முடியாமல் ஜங்ஷனில் இறங்கி 4 கிலோமீட்டர் நடந்து வருவேன், அப்பா டார்ச்சோடு பாதி தூரம் வருவார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021-ல் ஆக்கியதால்தான் என்னைப் படிக்கவே அனுப்பினார்கள், அதை மறக்கவில்லை. ஆனால் பஸ் இல்லாத நேரத்தில் இலவசம் இருந்து என்ன செய்ய? எங்கள் தெருவில் 3 பேர் இந்த நேரத்துக்காகவே படிப்பை நிறுத்திவிட்டார்கள். இதற்குப் பணமே வேண்டாம். 5 ஊர் கிராம சபையிலும் ஒரே தீர்மானம் போட்டு, காலை 8 மணிக்கு ஒன்று, ராத்திரி 8 மணிக்கு ஒன்று என்று கேட்கலாம் இல்லையா? மினி பஸ் திட்டத்தைப் புதுசாக 2025-ல் கொண்டுவந்தார்கள், அதிலாவது கேட்கலாம். உங்கள் ஊரும் சேருங்கள்.

பூக்கல் எழுதியது:

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் செய்கிற பட்டறையில் 16 வருஷமாக வேலை. கண்ணாடி மேலே இரும்பு அச்சை வைத்து, அதற்குள் பூவடிவத் தகட்டில் சாயச் சிமெண்டை ஊற்றி, தகட்டை மேலே தூக்கும்போது கை ஒரு நூல் ஆடினாலும் பூ கலங்கிவிடும். மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, சாந்து வைத்து அழுத்தி, மறுநாள் தொட்டித் தண்ணீரில் போட்டு, அப்புறம் வெயிலில் வைத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுவரும். சூளை கிடையாது, சுடுவது கிடையாது. மழை பெய்தால் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. சிமெண்ட் அரித்து என் விரல் ரேகை தேய்ந்துவிட்டது, ரேஷன் கடை மெஷினில் விழவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் இருந்து உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, வீடுகளை ஓட்டல் ஆக்குகிறார்கள், கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்தது. எல்லாம் சந்தோஷம். அதைச் செய்கிற கைக்கு என்ன வந்தது என்றும் பாருங்கள். என் மகன் திருப்பூர் போய்விட்டான், கூலி இரண்டு மடங்கு. செவிலி அம்மா சொன்ன பொதுக்கூடத்தின் தரைக்குக் கல் வேண்டும் என்றால் பக்கத்து ஊர் ஆளுக்கு வேலை கொடுங்கள். டைல்ஸ் கடையில் வாங்காதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

சிங்கைவாசி எழுதியது:

நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். எங்கள் ஐயா வெட்டிய ஊருணிக்கல்லில் தேதியும் ஊர்ப் பெயரும் மட்டும்தான் இருக்கும், அவர் பெயர் இருக்காது. அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, என் சின்ன வயதில் கூட்டிப்போய்க் காட்டினார், ஏன் பெயர் இல்லை என்று கேட்டதற்கு தண்ணீர் குடிக்கிறவனுக்குத் தெரியும் என்றார். அந்த ஊருணி இப்போது எப்படி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

கணக்கு நோட்டைப் படம் எடுத்து வாரம் ஒருமுறை குழுவில் போடுவீர்கள் என்றால் உங்கள் ஊருக்கு நான் தனியாக 50,000 தருகிறேன். செவிலி அம்மா சொன்ன ஆச்சி மாதிரி எங்கள் பெரிய ஆத்தாவும் தனியாகத்தான் இருக்கிறார். இன்று காலை போன் செய்து மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், சும்மா சொல்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. எங்கள் வீட்டு முகப்பைத் திறக்கப் பங்காளிகளிடம் பேச ஆரம்பித்துவிட்டேன், 30 இல்லை 41 பேர். இதுவரை 6 பேர் சரி என்றிருக்கிறார்கள்.

ஊருணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் கூட்டம். கை நடுங்கியது, எழுதி வைத்துத்தான் படித்தேன். வளைவு வேண்டும் என்று 4 பேர் பலமாகப் பேசினார்கள். அதில் ஒருவர் பெரியவர், ஊருக்காக நிறையச் செய்தவர், அவர் மனசை நோகடிக்க யாருக்கும் விருப்பமில்லை. கேன் தண்ணீர்க் கணக்கைச் சொன்னதும்தான் பெண்கள் பக்கம் சத்தம் கூடியது. கடைசியில் வளைவை அடுத்த வருஷம் பார்க்கலாம், 5 லட்சத்தை ஊருணிக்கு ஒதுக்கி நமக்கு நாமே திட்டத்தில் மனுப் போடலாம் என்று முடிவு. எல்லாத் தெருவுக்கும் பொது என்கிற வரியைச் சேர்க்கச் சொன்னபோது இரண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் கோவில் பூசாரிதான் எழுதுங்கள் என்றார், எழுதினோம். பொதுக்கூடத்துக்கு இன்னும் சம்மதம் வரவில்லை, விடப்போவதில்லை. பஸ் தீர்மானத்தில் எங்கள் ஊரும் சேரும் தங்கச்சி.

சர்வே எண் கிடைத்துவிட்டது, புறம்போக்குதான். வரத்துக்காலில் 60 அடிக்கு ஒருவர் மாட்டுக்கொட்டகை போட்டிருக்கிறார், அவர் எங்கள் சொந்தக்காரர், நானே போய்ப் பேசப்போகிறேன்.

இன்று காலை நாங்கள் 7 பெண்கள், கடைசித் தெருவில் இருந்து வந்த இரண்டு பேரையும் சேர்த்து, கருவேலத்தை ஒதுக்கிக்கொண்டு கிணறு வரைக்கும் போய்ச் சிவப்புக் கோடு போட்டுவிட்டு வந்தோம். காலில் முள், கையில் பெயிண்ட். அடுத்து வடிதொட்டி கட்ட வேண்டும், செம்புறாங்கல்லில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டத் தெரிந்த கொத்தனார் புதுவயல், கோட்டையூர்ப் பக்கம் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். ஐப்பசிக்குள் முடிக்கணும்.